புளோரன்ஸுக்குப் போகாத நாள்

1976ஆம் ஆண்டு. மெல்பேர்னில் பிரஸ்டன் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவருக்குக் கட்டட வரைபடம் வரையும் கந்தோர் ஒன்றில் வேலை. நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஏழு.

அந்த வருடத் தொடக்கத்தில் இவருடைய இடது கண் மங்கத் தொடங்கியது. இளம் வயதிலேயே வந்த நீரிழிவு, கண்ணில் போய் நின்றது. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். இடது கண்ணில் இனிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வலது கண்ணிலும் நொய்ந்த இரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன. லேசர் என்று அப்போது புதிதாக வந்த ஒளியால் சிலவற்றைச் சுட்டு அடைத்தார்கள். எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டோம். சில மாதமாகவும் இருக்கலாம், பல வருடமாகவும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும்போது இவர் ட்ராமில் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்குவதற்குச் சற்று முன்னர், "தம்பியைப் பாக்க லண்டனுக்குப் போறதை இந்த ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கே வைப்பம். போற வழியில புளோரன்ஸில நாலு நாள் நிப்பம்" என்றார்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புளோரன்ஸ் அவருக்குப் பழைய ஆசை. அங்கேயுள்ள பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தைப் பற்றி எங்கள் கலியாணம் முடிந்த புதிதிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார். கீழே மரச்சட்டங்கள் முட்டுக் கொடுக்காமல், ஐந்நூறு வருடத்துக்கு முன்னர் அவ்வளவு பெரிய கூரையை எப்படி எழுப்பினார்கள் என்று பாதித் தோடம்பழத் தோலைக் கவிழ்த்து வைத்து விளங்கப்படுத்துவார். எனக்கு முழுவதும் விளங்கியதில்லை. அவர் கண்கள் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன்.

பயணத்துக்கு ஆயத்தம் தொடங்கியது. லண்டன் போகும் விமானம் ரோமில் தரிக்கும், அங்கே இறங்கி நாலு நாள் நின்றுவிட்டுப் பிறகு ஏறலாம் என்று ரிக்கற் போடும் கந்தோரில் சொன்னார்கள். ரோமிலிருந்து ரயில். பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை. அவர்களுக்கு இது விடுமுறைப் பயணம். கண் விஷயம் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

பக்கத்து வீட்டில் இத்தாலியக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இத்தாலிக்காரிதானே, எல்லாம் கேட்டு அறியலாம் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் செய்தியைச் சொன்னேன். அவர் கையிலிருந்த உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷ்தான். அதில் அவர் சொன்னது இதுதான்:

"புளோரன்ஸா? நான் தெற்கால, கலாப்ரியாவில ஒரு மலைக் கிராமம். கப்பல் ஏற நேப்பிள்ஸுக்கு வந்தன். அவ்வளவுதான் நான் பாத்த இத்தாலி. புளோரன்ஸ் எனக்குப் படத்திலதான் தெரியும், உனக்கு மாதிரி."

ஆனாலும் அன்று மாலையே எங்கள் குசினிக்கு வந்துவிட்டார். பிறகு அடிக்கடி வந்தார். இவர் தன் வரைபடத் தாளில் அந்த நகரத்தைப் பெரிதாக வரையத் தொடங்கியிருந்தார். ஆறு, பாலங்கள், தேவாலயம், சந்தை, நாங்கள் தங்கப்போகும் தெரு. பிள்ளைகள் வழி தவறாமல் நடக்க வேண்டுமாம். முதல் நாள் குவிமாடத்தில் ஏறுவது, இரண்டாம் நாள் கடைகள் நிறைந்த பழைய பாலம், மூன்றாம் நாள் ஓவியங்கள், நாலாம் நாள் ஆற்றுக்கு அப்பால் குன்றில் நின்று முழு நகரத்தையும் பார்ப்பது. இளையவளுக்கு இதில் ஒன்றும் வேண்டாம், ஐஸ்கிரீம் போதும். அந்த அம்மா தாளைப் பார்த்துப் பார்த்துத் தானும் வருவது போலப் புத்தி சொல்லுவார். நல்ல சப்பாத்துப் போடு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடி, தேவாலயத்துக்குள் இந்தச் சீலையோடு போனால் இடுப்புத் தெரிகிறது, பாதிரியார் துரத்திவிடுவார், மேலே கோட் போடு. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

இவர் வரையும்போது மட்டும் நான் பக்கத்தில் போக மாட்டேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தாளில் மூக்கு முட்டக் குனிந்திருப்பார். பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டால் கண்ணாடியை மடியில் மறைத்துவிடுவார்.

யூலை மாதம். நல்ல குளிர். காலையில் நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கூப்பிட்டார்.

"இஞ்சரும், இந்தக் கண்ணாடியில கரி பட்டிருக்கு. ஒருக்கால் துடைச்சு விடும்."

துணியோடு போனேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். பாதிக் கன்னத்தில் நுரையோடு அவர் கண்ணாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். இருந்தாலும் துணியால் துடைத்தேன்.

"இன்னும் கிடக்கு. நூல் நூலாய்க் கிடக்கு" என்றார். பிறகு தலையை ஒரு பக்கம் திருப்பினார். திரும்பின பக்கமெல்லாம் அந்தக் கரியும் கூடவே வந்திருக்க வேண்டும். கையிலிருந்த சவரக்கத்தியை மெல்லக் கீழே வைத்தார். "சரி. விளங்கிட்டுது" என்றார்.

நான் அவர் முகத்திலிருந்த நுரையைத் துடைத்துவிட்டேன்.

வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டொக்டர். தலையை நிமிர்த்தி வைத்து ஓய்வாக இருந்தால் சில கிழமைகளில் அடியில் படியலாம், பார்வை திரும்பலாம் என்றார். அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

முன் யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து அவரை இருத்தினேன். இரவிலும் அதிலேயே நித்திரை. விடிந்ததும் தெருவிலுள்ள மின்கம்பத்தைத் தேடுவார். ஒவ்வொரு நாளும் நான் கேட்பேன், "இண்டைக்குத் தெரியுதோ?" அவர், "மூடுபனி மாதிரிப் புகாராய்க் கிடக்கு" என்பார். இதற்குள் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. மூத்தவள் தன் அறைக்குப் போய்விட்டாள். இளையவள், "அப்ப அப்பா பிளேனில கண்ணை மூடிக்கொண்டு இருந்தால், அங்க போறதுக்குள்ள சுகமாயிடுமா?" என்று கேட்டாள்.

மூன்று கிழமை, கிட்டத்தட்ட இருபது நாள், போயிருக்கும். ஒரு நாள் காலை இவர் என்னைக் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. "கம்பம் தெரியுது. அதில ஒரு குருவி கூட இருக்கு. இருக்கோ, சொல்லும்!" நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மையாகவே ஒரு குருவி இருந்தது. நான் சத்தம் போட்டுப் பிள்ளைகளை எழுப்பினேன். அன்று மாலை மூத்தவள் சூட்கேஸ்களை எடுத்து நடையில் வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து இவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். இவர் வெட்கத்தில் சிவந்து போனார். வரைபடத்தை எடுத்துத் தரச் சொல்லி, மடியில் வைத்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்படியே நிறுத்தினார். தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "லைற் போட்டுக்கிடக்கோ?" என்று கேட்டார். நடுப்பகல். வெளியே நல்ல வெயில்.

இம்முறை டொக்டர் நெடுநேரம் பார்த்தார். பொறுத்திருங்கள் என்று சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் செய்ய அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? வீட்டில் நாலு பேர் இருந்தோம், பேச்சில்லை. இவர் கதிரையை யன்னல் பக்கத்திலிருந்து சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். சவரம் செய்ய மறுத்தார். கந்தோர்க்காரர் பார்க்க வந்தபோது நித்திரை என்று சொல்லி அனுப்பச் சொன்னார். ஒருநாள் நான் குசினியிலிருந்து வரும்போது, இளையவள் அவர் முன்னால் நின்று, அவர் முகத்துக்கு நேரே கையை மெல்ல ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் அசையாமல் இருந்தார். அவள் என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு இவர் சொன்னார்: "காத்துப் பட்டது. என்ன செய்யிறாள் எண்டு தெரிஞ்சுதான் இருந்தன்."

பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், ரிக்கற் கந்தோரிலிருந்து ரெலிபோன் வந்தது. வருகிறீர்களா, இல்லையா? நான் பிறகு சொல்கிறேன் என்று வைத்தேன். இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீரும் பிள்ளையளும் போட்டு வாங்கோ" என்றார்.

"என்ன கதைக்கிறியள்? உங்களை ஆரோட விட்டிட்டுப் போறது?"

"பக்கத்து வீட்டில சாப்பாடு தருவினம். நாலு நாள்தானே அங்க. பிறகு தம்பி வீட்டை ஒரு கிழமை. நான் இருப்பன்."

"நீங்கள் இல்லாமல் எங்களுக்கு அங்க என்ன வேலை? போறதெண்டால் எல்லாரும் போவம். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்."

அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நான் அங்க வந்து நிண்டால் நீங்கள் மூண்டு பேரும் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிப்பியள். ஒருத்தரும் அண்ணாந்து பாக்க மாட்டியள். பிள்ளையளுக்கு நான் காட்டவேணும் எண்டு நினைச்ச இடம் அது. என்னைக் கூட்டிக்கொண்டு திரிஞ்ச இடமாய் அவையளுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது."

"எனக்கு உங்கட கோபுரமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. மூத்தவள் வாசலில் வந்து நின்றாள். "ஸ்டொப் இற், போத் ஒஃப் யூ! எங்களுக்கு எங்கயும் போகவேண்டாம்" என்றாள். அவள் அழுது வீங்கிய முகத்தை நான் பார்த்தேன். அவள் அப்பாவுக்கு அது தெரியாது.

மறுநாள் ட்ராம் ஏறி நகரத்துக்குப் போய்ப் பயணத்தைக் கைவிடுவதாகச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். கணவருக்குச் சுகமில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் முகமெல்லாம் இரக்கத்தோடு, "கவலைப்படாதீங்கோ. அந்த நகரம் நூற்றுக்கணக்கான வருடமாக அங்கேயே இருக்கிறது. அடுத்த வருடமும் இருக்கும்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ட்ராமில் இருந்தபோதும் அந்த வார்த்தைகள் காதிலேயே நின்றன. நகரம் இருக்கும். கல் இருக்கும், பாலம் இருக்கும், ஆறு இருக்கும். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதே எனக்குத் தெரியவில்லை. கடைசித் தரிப்பில் சாரதி வந்து தோளில் தட்டினார்.

நாங்கள் புறப்பட்டிருக்க வேண்டிய நாளும் வந்தது. சனிக்கிழமை. விமானம் மாலையில். காலையிலிருந்தே வீட்டில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சூட்கேஸ்கள் இன்னும் நடையில் இருந்தன. அவற்றை உள்ளே தூக்கிவைக்க எனக்குத் தெம்பில்லை. மத்தியானம் சமைத்ததை ஒருவரும் தொடவில்லை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மாவும் அவருடைய கணவரும். அவர் கொங்கிரீட் வேலை செய்கிறவர். வாயைத் திறந்து பேசி நான் கேட்டதே குறைவு. தெருவில் அவர்களுடைய பெரிய கார் நின்றது.

"கோட்டைப் போடுங்கோ. எல்லாரும் வாங்கோ" என்றார் அந்த அம்மா.

"எங்க?"

"வெளியால. இண்டைக்கு இந்த நேரம் இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

இவர் வரமாட்டேன் என்றார். அந்த மனிதர் உள்ளே போனார். கதிரைக்குப் பக்கத்தில் போய்த் தன் முழங்கையை இவருடைய கையில் படும்படி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இழுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ. கடைசியில் இவர் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு எழும்பினார். ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் இவர் வாசல் தாண்டியது அன்றுதான். படியில் கால் தடுமாறியது. அந்த மனிதர் நின்றார், காத்திருந்தார், பிறகு நடந்தார்.

போர்ட் மெல்பேர்ன் இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முன்பு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் குடியேறியவர்கள் வந்திறங்கிய இடம் அது. அன்று கப்பல் ஒன்றும் இல்லை. நாலைந்து பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று முகத்தில் அறைந்தது. அந்த மனிதர் பிள்ளைகள் இருவரையும் மீன்பிடிக்கிறவர்களிடம் கூட்டிப் போனார். நாங்கள் மூவரும் பலகையில் இருந்தோம்.

அந்த அம்மா சொல்லத் தொடங்கினார்.

"நான் கப்பல் ஏறேக்க என்ர அம்மாவுக்குச் சுகமில்லை. ரெண்டு வருசத்தில வந்து பாப்பன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். நான் கடலில இருக்கிற நேரம் அம்மா செத்துப்போனா. எனக்குத் தெரியாது. என்ர மனிசன் எனக்கு முந்தி இங்க வந்து வேலை செய்தவர். இந்த இடத்தில என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். நான் சிரிச்சுக்கொண்டு இறங்கிறன். இங்க வைச்சுத்தான் சொன்னவர்."

அவர் கையால் கீழே தண்ணீரைக் காட்டினார்.

"எல்லாரும் வந்து சொல்லுவினம், அழாதே, இது புது நாடு, நல்ல நாடு, எல்லாம் சரிவரும் எண்டு. எனக்கு அவையளைப் பிடிச்சு இந்தத் தண்ணிக்குள்ள தள்ளவேணும் போல இருக்கும். நான் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. ஆரைப் பாக்கப் போறது?" அவர் தன் கோட்டின் கழுத்தை இழுத்து மூடினார். "நான் உங்களுக்கு ஒண்டும் சொல்ல வரேல்ல. சரிவரும் எண்டு சொல்ல மாட்டன். அது சரிவராது. சும்மா இருப்பம் எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அதன் பிறகு உண்மையாகவே சும்மா இருந்தோம். தண்ணீர் மரத்தூண்களில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சம் குறையத் தொடங்கியபோது இவர் என்னிடம், "நேரம் என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

"இப்ப ஏறியிருப்பம்" என்றார்.

அவ்வளவுதான். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அந்தச் சவரக்கத்தியைக் கீழே வைத்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், வாய்விட்டு, குழந்தையைப் போல அழுதார். நானும் அழுதேன். இத்தனை நாளும் நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் எப்படித் தாங்கினாரோ தெரியாது. ஒருவர் முன்னால் ஒருவர் அன்றுதான் அழுதோம். தூண்டில்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா இவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். தட்டிக்கொடுக்கவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். இவருடைய பார்வை திரும்பவே இல்லை. வேலை போயிற்று. நான் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போனேன். இவர் பல நாட்கள் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்திருக்கிறார். செத்துப்போனால் நல்லது என்று என் காதுபட எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பிறகு சிறுநீரகமும் கெட்டு, இன்னும் சில வருடங்களில் போய்விட்டார். நாங்கள் புளோரன்ஸுக்குப் போகவில்லை. மூத்தவள் மட்டும் படிப்பு முடிந்த பிறகு தனியாகப் போனாள். எப்படி இருந்தது, உச்சிக்கு ஏறினாயா என்று கேட்டேன். வாசல் வரைக்கும் போய் வரிசையில் நின்றாளாம். "ஐ குடின்ட், அம்மா" என்றாள். அப்பா இல்லாமல் ஏற அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவும் இப்போது இல்லை. துக்கம் விழுந்த வீடுகளுக்குப் போகும்போது வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம் என்ன சொல்லி ஆற்றுவது என்று முன்பெல்லாம் தவிப்பேன். இப்போது ஒன்றும் யோசிப்பதில்லை. உள்ளே போய், அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து இருந்து, அவர்கள் அழுது முடிக்கும்வரை எழும்பாமல் இருந்துவிட்டு வருகிறேன்.